நைட்டிக்காரம்மாவும் ஜோடி பாகமும்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து சந்தை கலைந்த மைதானம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பது இன்னமும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. தப்பு இருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருத்திப் போட்டுக்கொள்ளட்டும். எழுத்து இவ்வளவு கோணலாகப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தர்மபுரி மாவட்டத்தில் ஒற்றைக் கையால் ஒரு சந்தையையே கட்டி மேய்த்தவர் என்றால் அது நைட்டிக்காரம்மாதான். சுங்கம் வசூலிக்கிறவர், போலீஸ்காரர், கட்சிக்காரர், மாடு, மழை எல்லாம் அவருடைய அனுமதியோடுதான் காரிமங்கலம் சந்தைக்குள் வரும். ஒரு தடவை கடை பரப்பும் நேரத்தில் கருத்துக்கொண்டு வந்த மழையை, "இப்பத்தான மாட்டியிருக்கறேன், அறிவு இருக்குதா?" என்று அதட்டினார். அது அப்படியே கடத்தூர்ப் பக்கம் திரும்பிப் போனது. நான் கண்ணால் பார்த்தேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அவர் நைட்டி விற்றார், அதனால் நைட்டிக்காரம்மா. நான் கயிறு விற்கிறேன், அதனால் கயித்துக்காரர். காரிமங்கலம், கடத்தூர், மொரப்பூர் என்று வாரம் முழுக்கச் சந்தை சந்தையாகச் சுற்றுகிறவர்களுக்கு அதற்கு மேல் பெயர் தேவைப்படுவதில்லை. அவருக்கு ஏறக்குறைய என் வயது. கணவர் இறந்து பல வருடம். ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் ஏதாவது பேசச் சொன்னார்கள். அதில்தான் கெட்டது.

அவரிடமும் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

எல்லாம் என் இடது தோளில் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுக்கக் கையைத் தூக்கினேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது. யாரோ உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்ட மாதிரி. சுளுக்கு என்று நினைத்தேன். எண்ணெய் போட்டு இழுத்துவிடுகிறவர் ஒருவரிடம் போனேன். அவர் இழுத்த இழுப்பில் பாதி வரை வந்த கை கால்வாசிக்கு இறங்கிவிட்டது.

கயிறு விற்கிறவனுக்கு இது சாதாரணக் கஷ்டம் இல்லை. எங்கள் பக்கம் மாட்டுக்கயிறு, ஆட்டுக்கயிறு எல்லாம் பாகக் கணக்கு. இரண்டு கையையும் அகல விரித்து, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை இழுத்துப் பிடித்தால் ஒரு பாகம். இடது கை விரியாவிட்டால் பாகம் எங்கே வரும்? நெஞ்சு நடுவில் கயிற்றைப் பிடித்து வலது கையால் மட்டும் இழுத்து, அதையே இரண்டு தடவை செய்து பார்த்தேன். சந்தையில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னாங்க இது, கஞ்சப் பாகமா இருக்குது?" என்றார் ஆடு கட்டக் கயிறு வாங்க வந்த ஒரு பெரியவர்.

"கை தூக்க முடியலைங்க."

"அதுக்கு எங்க ஆடு என்னா பண்ணும்?"

பக்கத்து நைட்டிக் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கயித்துக்காரரே, இப்படித் திரும்புங்க. அந்தக் கையத் தூக்குங்க பாக்கலாம்."

அதுவரை பக்கத்துக் கடை என்பது எனக்கு ஒரு வண்ணத் திரை மாதிரி. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குத் திரும்பினேன். கையைத் தூக்கினேன். இடுப்புக்கு மேல் ஒரு சாண் வந்தது.

"பின்னால கொண்டு போங்க. முதுகைச் சொறிய முடியுதா?"

முடியவில்லை.

"ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா உசுரு போவுதா?"

"ஆமாங்க."

அவர் முகத்தில் வந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் யார் முகத்திலும் பார்த்ததில்லை. "எனக்கும் அதேதாங்க. எனக்கு வலது, உங்களுக்கு இடது. தோள் உறைஞ்சு போச்சாம், டாக்டரம்மா சொல்லுது. தோளு என்னா பாலா, உறையறதுக்கு? வாங்க, வந்து இந்த நைட்டிய மேல மாட்டுங்க. ரெண்டு வாரமா மேல் கம்பிக்கு எட்டாம எல்லாம் தரையில கெடக்குது."

இப்படித்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக நைட்டியைத் தொட்டேன். என் வலது கை நன்றாக இருந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன். பாதி உள்பக்கம் வெளியே தெரிய, பாதி தலைகீழாகத் தொங்கின.

"கண்ணத் தெறந்து மாட்டுங்க. நைட்டிதான், பாம்பு இல்ல."

அந்த வாரமே மூன்று பெண்கள் என்னிடம் வந்து சைஸ் கேட்டார்கள். நான் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கேனில் டீ கொண்டுவந்து விற்கிற தம்பி, "என்னாண்ணா, தொழில மாத்திட்டீங்க?" என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து என் தோள் எனக்குச் சொந்தமில்லை. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை விரட்டினார். சர்க்கரை பார்த்தார்கள், இருந்தது. இது ஒரு வருடமோ இரண்டு வருடமோ இழுக்கும், மெதுவாகத் தானே இளகும், ஆனால் பயிற்சியை விடக்கூடாது என்று பயிற்சி சொல்லித்தருகிற அம்மா சொன்னார். அவர் ஒரு தடவைதான் சொன்னார். நைட்டிக்காரம்மா ஒவ்வொரு சந்தையிலும் சொன்னார்.

சட்டை போடுவது எப்படி என்று எனக்கு ஐம்பது வயதில் சொல்லித்தந்தவர் அவர்தான். "கெட்ட கை மொதல்ல உள்ள போவணும், நல்ல கை அப்புறம். கழட்டையில நல்ல கை மொதல்ல வெளிய வரணும். கெட்ட கைக்குத்தான் எப்பவும் மரியாத." குளிக்கும்போது தலைக்கு ஊற்ற முடியாவிட்டால் தலையைக் குனிந்து சொம்பிடம் கொண்டு போக வேண்டும். படுக்கும்போது கெட்ட கைக்குக் கீழே ஒரு தலையணை. என் வீட்டில் தலையணை ஒன்றுதான் இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் விற்காத நைட்டிகளைத் திணித்துத் தைத்த ஒரு தலையணை வந்தது. பூப்போட்ட தலையணை. இன்றைக்கும் அதுதான்.

பஸ்ஸில் இடிபடாமல் இருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். லாரியில் கம்பி ஏற்றிப் போனால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டுவார்கள் இல்லையா, அதே மாதிரி வலது கையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டார். பஸ் ஏறியதும், "துணி கட்டியிருக்கற பக்கம் யாரும் வராதீங்க, இடிச்சா நான் பொறுப்பில்ல" என்று பொதுவாக அறிவிப்பார். பஸ் பிதுங்கி வழிகிற நாளிலும் அவரைச் சுற்றி ஒரு கட்டில் போடுகிற இடம் இருக்கும். என் இடது கையிலும் ஒன்றைக் கட்டிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சந்தைக்குள் நடந்து வந்தபோது, எந்த சங்கத்துப் போராட்டம், எங்கே ஊர்வலம் என்று கேட்டார்கள்.

"தோள் சங்கம்" என்றார் அவர். "நான் தலைவி. இவரு தொண்டரு."

எங்கள் கடைகளுக்கு நடுவே ஒரு சிமென்ட் தூண் இருக்கிறது. சுவரில் விரலால் நடந்து மேலே ஏற வேண்டும் என்பது ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதை இந்தத் தூணில் செய்ய வைத்தார். அவர் விரல் எது வரை ஏறியதோ அங்கே தன் நெற்றி ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினார். என் விரல் ஏறிய இடத்திலும் ஒரு பொட்டு. அவருக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. அடுத்த வாரம் ஒரு விரல்கடை மேலே ஏறாவிட்டால் டீ வாங்கித்தர வேண்டும். தூணைப் பார்த்துவிட்டு யாரோ அங்கே அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நினைத்து இரண்டு வாரம் கற்பூரம் ஏற்றினார்கள். கற்பூரத் தட்டில் விழுந்த சில்லறையில் நைட்டிக்காரம்மா எங்கள் இரண்டு பேருக்கும் டீ சொன்னார்.

இப்போது பாகத்துக்கு வருகிறேன்.

என் வியாபாரம் படுத்துவிட்டது. அவர் துணி அளக்கிற டேப்பைக் கொடுத்தார். ஆட்டுக்காரர்கள் டேப்பை ஏதோ வண்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். "மீட்டர் கீட்டர் எல்லாம் டவுன்ல வெச்சுக்கங்க, எங்களுக்குப் பாகம்தான்." ஒரு நாள் அதே பெரியவர் மறுபடி வந்து மல்லுக்கு நின்றபோது, நைட்டிக்காரம்மா எழுந்து வந்து என் இடப்பக்கத்தில் நின்றார்.

"கயித்துக்காரரே, உங்க நல்ல கைய அந்தப் பக்கம் நீட்டுங்க."

நான் வலது கையை நீட்டினேன். அவர் தன் நல்ல கையான இடது கையை இந்தப் பக்கம் நீட்டினார். என் விரல் நுனியில் கயிற்றின் ஒரு முனை, அவர் விரல் நுனியில் மறு முனை. நடுவில் இரண்டு கெட்ட தோள்கள்.

"பாத்துக்கங்க பெரியவரே. முழுப் பாகம். கைக்குக் கை சரியா இருக்குதா?"

பெரியவர் கயிற்றைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒரு பாகத்துக்கு இரண்டு ஆளின் அகலம் விழுந்திருந்தது. காசைக் கொடுத்துவிட்டுப் போனவர், அரை மணி நேரத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "ஜோடி பாகத்துல போடுங்க" என்றார்கள்.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஜோடி பாகம் கேட்டுக் காரிமங்கலத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்தார்கள். மொரப்பூரில் ரயில் இறங்கி வந்த ஒருவர், ஒரு பாகம் வாங்கி ஒரு மாட்டையும் இரண்டு கன்றையும் கட்டியதாகச் சொன்னார். எனக்கு லாபம் இல்லை. ஆனால் என்ன நஷ்டம் என்று உட்கார்ந்து யோசிக்கவும் தோன்றவில்லை.

முதலில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகிற இடைவெளி விட்டிருந்தேன். கூச்சம். பிறகு ஒரு குடம் வைக்கிற இடைவெளி. பிறகு ஒரு சொம்பு. யாரும் நகர்ந்ததாக எனக்கு நினைவில்லை, அது தானாகக் குறைந்தது. அதைக் கண்டுபிடித்தவரும் அந்தப் பெரியவர்தான். கையில் பழைய கயிறோடு வந்தார்.

"ஏங்க, தை மாசம் வாங்குன பாகம், ஆடு வரப்பைத் தாண்டி மேயுது. இப்ப வாங்குனது வரப்பு மேலயே நின்னுக்குது. என்னா, பாகம் சுருங்குது?"

நைட்டிக்காரம்மா ஒரு நைட்டியை மடித்துக்கொண்டே சொன்னார்: "கயிறு சுருங்கலைங்க. நாங்க கிட்ட நிக்கறோம்."

என் கையிலிருந்த கயிற்றுச் சுருள் கீழே விழுந்து உருண்டு டீக்காரத் தம்பியின் கேனைச் சாய்த்தது. அந்த டீக்குக் காசு கொடுத்தேன். ராத்திரி பூப்போட்ட தலையணையில் படுத்துக்கொண்டு, அவர் சொன்னதற்குப் பதில் யோசித்தேன். நல்ல பதில் கிடைத்தது. ஆனால் அடுத்த சந்தை வருவதற்குள் அது மிகவும் துணிச்சலான பதிலாகத் தெரிந்தது. சொல்லவில்லை.

அதன் பிறகு ஒன்று நடந்தது. என் தோள் இளக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சொன்னது போலத்தான், கொஞ்சம் கொஞ்சமாக. பச்சைப் பொட்டுகள் தூணில் ஏறின. சிவப்புப் பொட்டு மட்டும் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது. வாராவாரம் அதே இடத்தை விரலால் தொட்டு, "அதுக்கு மேல போக மாட்டேங்குது" என்று சொல்லி எனக்கு டீ வாங்கித்தந்தார். எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. நான் நன்றாகிக் காட்டினால் அவருக்கும் நம்பிக்கை வரும் என்று நினைத்தேன். வீட்டில் காலையும் மாலையும் துண்டை முதுகுக்குப் பின்னால் போட்டு இழுத்தேன், சுவரில் விரலால் ஏறினேன். எப்படியாவது அவரை ஆச்சரியப்படுத்த வேண்டும்.

ஒரு சந்தையன்று, கடை பரப்புவதற்கு முன்னால், அவரே கேட்டார்.

"கயித்துக்காரரே, நெசமாச் சொல்லுங்க. கை எப்படி இருக்குது?"

அவர் மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அதில் என்ன இருந்தது என்று யோசிக்கிறவனாக இருந்திருந்தால் எனக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும். நான் பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி தூணுக்குப் போய், இடது கையை விறுவிறுவென்று மேலே ஏற்றி, எல்லாப் பொட்டுக்கும் மேலே, தலைக்கு மேலே, நீட்டிக் காட்டினேன்.

அவர் தூணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சுங்க" என்றார்.

பிறகு தன் கடைக்குப் போனார். மூட்டையைப் பிரித்தார். ஒரு நைட்டியை எடுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மேல் கம்பியில் மாட்டினார். அடுத்ததை எடுத்தார். இரண்டு கை. அதற்கு அடுத்தது. ஒரு முக்கல் இல்லை, முனகல் இல்லை. கம்பி முழுக்க மாட்டி முடிக்கிற வரை நான் கையை இறக்க மறந்து தூணருகிலேயே நின்றேன்.

டீக்காரத் தம்பிதான் கேட்டான். "அக்கா, கை எப்பக்கா சரியாச்சு?"

"அது ஆச்சு, ரொம்ப நாளு."

அன்றைக்கு முதலில் வந்தவர் ஜோடி பாகம் கேட்டார். நான் இடப்பக்கம் பார்த்தேன். அவர் குனிந்து ஹேங்கரை எண்ணிக்கொண்டிருந்தார். தனியாகவே இரண்டு கையையும் விரித்தேன். முழுசாக விரிந்தது. வலியே இல்லை. என் பாகம் அவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சில வாரங்களில், மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, ஓசூரோடு போய்விடுகிறேன், இனிச் சந்தைக்கு வரமாட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னார். என்னிடமும் அதே மாதிரிதான் சொன்னார். கடைசி நாள் மூட்டையைக் கட்ட நான் போனேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல கயிறாக எடுத்துப் போனேன். ஊர் பேர் தெரியாத முடிச்செல்லாம் போட்டேன். எவ்வளவு நேரம் முடிச்சுப் போட முடியுமோ அவ்வளவு நேரம் போட்டேன்.

"கயித்துக்காரரே."

"சொல்லுங்க."

"சட்டை எப்படிப் போடறது?"

"கெட்ட கை மொதல்லங்க."

"மறந்துராதீங்க."

பஸ் வந்துவிட்டது. மூட்டையை ஏற்றினேன். "முடிச்சு கெட்டியா இருக்குதுங்க" என்று சொன்னேன். பஸ் போய்விட்டது.

அவர் தருகிற நைட்டிக் கவரில் போன் நம்பர் அச்சடித்திருக்கும். ஒரு கவரை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை முழு நம்பரையும் அழுத்தினேன். உடனே எடுத்தார். அதே குரல். "அலோ, சொல்லுங்க. என்னா சைஸ் வேணும்?" நான் பதறிப்போய், "எக்ஸ்எல்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பக்கத்து இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. இடம் தேடி வந்தவர்களும் நான் கயிற்றைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். "இருக்கற கயித்துக்கு ரெண்டு எடம் எதுக்குண்ணா?" என்று டீக்காரத் தம்பி கேட்கிறான். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுத்துக் கோணலுக்கு இன்னொரு காரணம் உண்டு என்று சொன்னேன். போன மாதம் ஆணியில் இருந்த சட்டையை எடுக்கக் கையைத் தூக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. இந்தத் தடவை வலது. சில பேருக்கு ஒரு பக்கம் சரியாகி மறு பக்கம் வருமாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலி உசுரு போகிறது. ஆனால் அந்த முதல் நிமிடம், கை மேலே போகாமல் நின்ற அந்த நிமிடம், வீட்டில் தனியாக நின்று சிரித்தேன். அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அடுத்த சந்தையில் தூணுக்குப் போய் வலது கை விரலால் ஏறிப் பார்த்தேன். வெயிலில் வெளுத்துப்போன சிவப்புப் பொட்டுகள் இன்னும் இருக்கின்றன. அவர் முதல் வாரம் ஒட்டிய பொட்டுக்குக்கூட என் விரல் எட்டவில்லை.

நைட்டிக்காரம்மா வாராவாரம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இந்தப் பத்திரிகையை வாங்குவார். வியாபாரம் இல்லாத நேரத்தில் எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பார். சிரிப்புத் துணுக்கு வந்தால் எனக்குப் புரியும் வரை இரண்டு தடவை படிப்பார். ஓசூரிலும் இது கிடைக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போனில் வராதது எழுத்தில் வருகிறதா என்று பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அம்மா, எனக்கு இப்போது இடது கை நன்றாக இருக்கிறது. உங்களுக்கு வலது கை சரியாகிவிட்டது. அதனால் இனிமேல் நான் இடப்பக்கம் நிற்க வேண்டும், நீங்கள் வலப்பக்கம். மாற்றம் அது ஒன்றுதான். எனக்குக் கை சரியான பிறகும் அப்படியே நிற்கலாம் என்பதுதான் நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டது.

ஊரெல்லாம் ஒகேனக்கல் போய்விட்ட ஆடிப் பதினெட்டு அன்று, மதியம், தூணருகில் உட்கார்ந்து எழுதி முடித்தேன்.